ஆவாரை: தோட்டத்துக்குள் ஒரு துண்டு காடு

கொங்கு நாட்டில் ஒருவர் “காட்டுக்குப் போயிட்டு வரேனுங்க” என்று கிளம்பினால், வேட்டைக்குப் போகிறாரோ என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுவார்கள். அவர் தன் சொந்த நிலத்துக்குத்தான் போகிறார். எங்கள் பேச்சில் கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், மழையை மட்டும் நம்பியிருந்தால் காடு. சோளக்காடு, கம்மங்காடு, மாடு மேயும் கொறங்காடு எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். அதே நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த போகத்துக்குள் அது தோட்டம் ஆகிவிடும். வறட்சி தாங்கும் செடி என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல்முனை இதுதான். காட்டில் நிற்கும் செடிக்கும், அதே செடி தோட்டத்தில் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இப்போது இதைக் கேட்பவர்கள் அதிகம். புதிதாக சைட் வாங்கி வீடு கட்டியவர்கள், ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதி மட்டும் பார்த்தவர்கள், வாரம் ஒரு தடவை வரும் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பவர்கள். “நாட்டுப் பூச்செடியா இருக்கணும், தண்ணி அதிகம் கேட்கக் கூடாது, எதை வைக்கலாம்?” என்று கேட்பார்கள். நான் ஆவாரை என்பேன். உடனே முகம் சுருங்கும். “ஏனுங்க, அது ரோட்டோரம் கெடக்கற செடிதானுங்களே?”

ஆமாங்க, அதேதான். ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் ஊற்றாமல், பங்குனி வெயிலில் தார் ரோட்டு ஓரத்தில் பச்சையாக நிற்கிறதே, அந்தத் தகுதிக்காகத்தான். ஆனால் அவ்வளவு கெட்டியான செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து சீராட்டினால் பாதிப் பேரிடம் செத்துப்போகிறது. நானே இரண்டைக் கொன்றிருக்கிறேன். மூன்றாவது, ஆவாரையே இல்லை என்று பிறகு தெரிந்தது. ரோட்டோரம் பிழைக்கிற செடி வீட்டில் ஏன் சாகிறது?

மழை மறைவு நாடு

முதலில் நம் வானத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குக் கிழக்கே வரும்போது அதில் ஈரம் மிச்சம் இருப்பதில்லை. காற்றாகத்தான் வந்து சேர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் அவ்வளவு காற்றாலைகள் நிற்கின்றன. கோவை, திருப்பூர் சமவெளியில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 முதல் 700 மி.மீ. சென்னைக்குக் கிடைப்பதில் பாதிதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் அடித்துப் பெய்துவிட்டு ஓடிவிடும்.

ஆக, இங்கே ஒரு செடி தன் வருடத்தில் பெரும்பகுதியை மழை இல்லாமல், காய்ந்த காற்றில், சரளையோ சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல்லோ கலந்த மண்ணில் ஓட்டியாக வேண்டும். நம் காட்டுச் செடிகள் இதை மூன்று விதமாகச் சமாளிக்கின்றன.

ஒரு கூட்டம் தப்பித்து ஓடுகிறது. தும்பையைப் பாருங்கள். மழை பெய்ததும் முளைத்து, அவசரமாகப் பூத்து, விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும். வெயில் காலத்தில் அது செடியாக இருப்பதே இல்லை, விதையாகத்தான் இருக்கிறது. இன்னொரு கூட்டம் சேர்த்து வைக்கிறது. பிரண்டை தண்டில் வைத்துக்கொள்கிறது. நம் மாநில மலரான செங்காந்தள், அதாவது மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்களே அந்தக் கண்வலிக்கிழங்கு, மேலே உள்ளதைக் காயவிட்டு மண்ணுக்கு அடியில் கிழங்காகப் படுத்துக்கொள்கிறது. (அழகான பூதான், ஆனால் கிழங்கு கடும் விஷம். சின்னக் குழந்தைகளும் நாயும் ஓடியாடும் வீட்டில் வைக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.)

மூன்றாவது கூட்டம்தான் உண்மையிலேயே தாங்குகிறது. ஓடாமல், ஒளியாமல், இலையோடு நிற்கிறது. ஆவாரை இந்த வகை. அதன் தந்திரம் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆணிவேர் கல் இடுக்கில் புகுந்து கீழே கீழே இறங்கி, மேல்மண் காய்ந்த பிறகும் அடியில் மிச்சமிருக்கும் ஈரத்தை எட்டிப் பிடிக்கிறது. மேலே அகலமான இலைக்குப் பதிலாகக் காம்பின் இருபுறமும் 8 முதல் 12 ஜோடி சின்னச் சின்ன இலைகள். சின்ன இலை காற்றில் சீக்கிரம் சூட்டை விட்டுவிடும். வாழை இலை மாதிரி வெந்துபோகாது. ரொம்பவும் வறண்டால் கொஞ்சம் இலையை உதிர்த்துச் செலவைக் குறைத்துக்கொள்ளும். யாராவது தரையோடு வெட்டிவிட்டாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வேர் முதல் நாளே இருப்பதில்லை. செடி அதைச் சம்பாதிக்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் ஒரு சாண் உயர நாற்று, பெயரளவில்தான் வறட்சி தாங்கும் செடி. அப்போதைக்கு அதற்கும் தக்காளி நாற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வறட்சி தாங்குவது வேறு, நாட்டுச் செடியாக இருப்பது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலிகாத்தான் என்று நாம் சொல்லும் சீமைக்கருவேலமும் வறட்சியைத் தாங்கும். அதை யாரும் வாசலில் வைப்பதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மஞ்சள் பூ மரம் ஒன்று, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்று பெயர், ஆவாரைக்குச் சொந்தக்காரன்தான். அது முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, அடியில் புல்லே முளைக்கவிடாமல் செய்து, கடைசியில் அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலையை அரசே எடுத்துச் செய்ய வேண்டி வந்தது. ஆவாரையின் சொந்த ஊர் இந்தியாவும் இலங்கையும்தான். நம் பூச்சிக்கும் பறவைக்கும் அதைத் தெரியும். வரம்பு மீறாமல் அது இங்கே எத்தனையோ காலமாக இருந்துவருகிறது.

காது இருக்கிறதா பாருங்கள்

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். ஒரு நர்சரியில் ஆவாரை கேட்டேன். “இருக்குதுங்க” என்று இரண்டு நாற்று கொடுத்தார்கள். இலை பார்க்க அப்படித்தான் இருந்தது. மூன்று வருடத்தில் அது மொட்டை மாடியை எட்டிப் பார்த்தது. மஞ்சக்கொன்றை! சாலையோர நிழல் மரம். இப்போது அதன் வேர் காம்பவுண்டுச் சுவருக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அது தனிக் கவலை.

ஆவாரை மரமாகாது. பெரும்பாலும் இடுப்பு முதல் தலை உயரம் வரை அடியிலிருந்தே கிளைத்து நிற்கும் புதர். வாங்குமுன் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் வட்டமாக, காது மடல் மாதிரி பச்சையாக இரண்டு செதில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றச் செடிகளில் இந்த மாதிரிச் செதில் சின்னதாக வந்து உதிர்ந்துவிடும். ஆவாரையில் பெரியதாக, உதிராமல் நிற்கும். 1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது அந்தக் காதைப் பார்த்துத்தான் ‘ஆரிகுலேட்டா’ என்று வைத்தார். லத்தீனில் காதுள்ளது என்று பொருள். இன்று முழுப்பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. காதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் குழப்பம் வராது. பெயரை நம்பினால்தான் குழப்பம்: பொன்னாவரை, பேயாவரை, நிலாவரை, சீமையகத்தி என்று உறவுக்காரர்கள் ஏராளம்.

சரி, நர்சரியே வேண்டாம், ரோட்டோரம் இருப்பதையே தோண்டிவந்தால் என்ன? அதையும் செய்தேன். காங்கேயம் போகும் வழியில் இடுப்பளவு செடி ஒன்று. கடப்பாரையோடு போய் ஒரு மணி நேரம் தோண்டினேன். ஒரு முழ ஆழத்துக்கு மேல் கடப்பாரை இறங்கவில்லை. அந்த ஆழத்திலும் வேர் கட்டை விரல் பருமன் இருந்தது. இழுத்தேன், முறிந்தது. முறிந்த வேரோடு வீட்டில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் இலையெல்லாம் கருகித் தொங்கிவிட்டது. இந்தச் செடியின் முதலீடு முழுக்க அந்த வேரில்தான் இருக்கிறது. அதை ரோட்டோரம் விட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிவந்தால் அது எப்படிப் பிழைக்கும்?

விதையிலிருந்து

ஆகவே விதை. அதுதான் நல்லது, செலவும் இல்லை. காய் விரல் நீளத்துக்குத் தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிதாக இருக்கும். பழுப்பாகக் காய்ந்ததைப் பறித்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். ஒரு காயில் 12 முதல் 20 விதை. நாலைந்து காய் போதும். புதரை மொட்டையடிக்க வேண்டாம். சின்ன ஓட்டை போட்டிருக்கும் விதைகளை ஒதுக்கிவிடுங்கள், உள்ளே வண்டு தின்றிருக்கும்.

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் முளைக்காது, அல்லது ஒன்றிரண்டு மட்டும் முளைக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. மேல்தோல் அவ்வளவு கடினம், தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் இதுவும் ஒரு காப்பு ஏற்பாடு. சித்திரையில் பெய்யும் ஒரு கோடை மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் அடுத்த பத்து நாள் வெயிலில் மொத்தமும் கருகிவிடும். தோல் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம் என்று பிரிந்து முளைக்கும். நமக்குத்தான் அவ்வளவு பொறுமை கிடையாது.

அதனால் தோலை நாமே தளர்த்த வேண்டும். இரவு சமையல் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்குங்கள். கொதி அடங்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு, விதை இருக்கும் கிண்ணத்தில் ஊற்றி, அப்படியே மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பார்த்தால் கிண்ணத்தில் இரண்டு கட்சி இருக்கும். சில விதைகள் ஒன்றுக்கு இரண்டாக ஊதி, நிறம் வெளுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும். சில நேற்று இருந்த மாதிரியே பளபளவென்று கல்லாக இருக்கும். ஊதியதை உடனே விதைத்துவிடலாம். கல்லாக இருப்பதை எறிய வேண்டாம். உப்புத்தாளிலோ சிமெண்டுத் தரையிலோ ஒரு பக்கம் மட்டும் நாலு தேய்ப்புத் தேய்த்து, பளபளப்பு போனதும் மறுபடி சாதா தண்ணீரில் போடுங்கள். மாலைக்குள் பெரும்பாலானவை ஊதிவிடும். என் மகளுக்கு ஆறு வயதில் இந்தத் தேய்க்கும் வேலையைக் கொடுத்தேன். ஒரு விதையை மாவாகவே ஆக்கிவிட்டாள். நாலு தேய்ப்பு போதும்.

நாற்றுப் பை ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில் இருக்கட்டும். குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் மோதிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் நிலத்தில் நட்ட பிறகும் சுருண்டபடியே நிற்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, பேருக்குக் கொஞ்சம் மக்கிய தொழுவுரம். விதையை அரை விரற்கடை ஆழத்தில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைவிடும். மூன்று மாதத்துக்கு மேல் பையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எப்போது தொடங்குவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இங்கேயும் ஆடியில் பையில் விதைப்பதுதான் சரி. ஆனால் நிலத்தில் நடுவதைப் புரட்டாசிக் கடைசிக்கோ ஐப்பசிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் பிஞ்சு நாற்றை நட்டால் காற்றே அதைக் காயவைத்துவிடும். ஐப்பசியில் நட்டால் வடகிழக்கு மழை வந்து மண் ஆழம் வரை நனையும். அந்த ஈரம் கீழே இறங்க இறங்க வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கும். தைக்குள் செடி தன் காலில் நிற்க ஆரம்பித்துவிடும்.

நடுவதும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும்

இடம் முழு வெயிலில் இருக்க வேண்டும். வேப்ப மரத்தடி, தென்னை நிழல் எல்லாம் ஆகாது. செடி நெடுநெடுவென்று வளர்ந்து பூ குறையும். மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். சரளை, சுக்கான், வீடு கட்டிய மிச்சம் கிடக்கும் மேட்டு மண், எதுவானாலும் சரி. போர்த் தண்ணீர் சப்பையாக, அதாவது உப்பாக இருந்தாலும் என் செடி முகம் சுளித்ததில்லை. தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் கூடாது. கரிசல் நிலத்தில் இருப்பவர்கள் அரையடி மேடு கூட்டி அதன் மேல் நட்டால் நல்லது.

ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் வண்டி வண்டியாக உரம் போட்டால் வேர் அந்தச் சுகத்தை விட்டு வெளியே வராது. செடிக்குச் செடி நாலைந்து அடி விடலாம். இன்னொரு விஷயம்: இது அவரை குடும்பத்துச் செடி, வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்து சேர்க்கும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னா வகைச் செடிகளில் பொதுவாக அந்த வேர்முடிச்சு வருவதில்லை. தழையை வெட்டி வயலில் மிதித்தால் நல்ல தழையுரம், அது நம் பெரியவர்கள் செய்ததுதான். ஆனால் அது இலையின் புண்ணியம். வேருக்கு அதில் பங்கில்லை.

இப்போது தண்ணீர். நான் கொன்ற இரண்டாவது செடியின் கதை இங்கே வருகிறது. விதை போட்டு, ஒழுங்காக நட்டு, நன்றாகவே வளர்ந்தது. தக்காளிப் பாத்திக்குப் போட்டிருந்த சொட்டுநீர்க் குழாய் பக்கத்தில் ஓடியதால் ஒரு சொட்டி இதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் செடி என் தோளுக்கு வந்தது. கரும்பச்சை, தளதளவென்று இலை. வருகிறவர்கள் எல்லாம் ஆவாரையா இது என்று அதிசயப்பட்டார்கள். பூ மட்டும் வரவே இல்லை. ஆடி பிறந்து ஒரு வாரம். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் செடி தரையில் சாய்ந்து கிடக்கிறது. தூக்கிப் பார்த்தேன். வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. அந்தச் சொட்டியைச் சுற்றி வட்டமாக, தலைமுடிச் சிக்கு மாதிரி படர்ந்து கிடந்தது. பாதி அழுகி வேறு இருந்தது.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னு போட்டயே சாமி. காட்டுச் செடியத் தோட்டத்துல வெச்சா அது எதுக்கு வேர் உடுது?”

நான் அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு விரிவுரைதான். மேலே தினமும் ஈரம் கிடைத்தால் வேர் மேலேயே இருந்துவிடும். ஈரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வேரும் இறங்கும். அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சம் ஊற்றக் கூடாது. எப்போதாவது ஊற்ற வேண்டும். ஊற்றினால் நிறைய ஊற்ற வேண்டும். நான் இப்போது செய்வது இப்படி: நட்ட முதல் மாதம் மழை இல்லாவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு தடவை அரை பக்கெட். அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு பக்கெட். மாசியிலிருந்து முதல் கோடை முடியும் வரை பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு பக்கெட், மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க. மத்தியானம் இலை கொஞ்சம் துவண்டால் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். இரவில் இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொள்வதைப் பார்த்துவிட்டு வாடிவிட்டது என்று பக்கெட்டைத் தூக்குகிறவர்களும் உண்டு. அது தூங்குகிறது, விட்டுவிடுங்கள். இரண்டாம் வருட ஐப்பசி மழைக்குப் பிறகு நான் ஊற்றுவதையே நிறுத்திவிடுவேன்.

மாடியில் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பூக்கவும் பூத்தது. ஆனால் அதற்கு வாரம் இரண்டு முறையாவது தண்ணீர் வேண்டும். பக்கெட்டில் இறங்க ஆழம் ஏது? வறட்சி தாங்கும் குணம் செடியிடம் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி அது இறங்கி நிற்கும் மண்ணில் இருக்கிறது. தொட்டியில் வைத்தால் ஆவாரையும் ரோஜா மாதிரி நம்மை எதிர்பார்த்துத்தான் நிற்கும். ஆசைக்கு வைக்கலாம்; தண்ணீர் மிச்சமாகும் என்று நினைத்து வைக்காதீர்கள்.

பூத்த பிறகு

முதல் பூ ஒன்றரை, இரண்டு வருடத்தில் வரும். சில சமயம் அதற்கு முன்பே வந்துவிடும். வருடம் முழுக்க அங்கங்கே பூத்தாலும் மழை முடிந்து பனி விழும் மாதங்களில்தான் புதரே மஞ்சளாகும். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவில் 10 மகரந்தக் கம்பிகள். அதில் மேலே இருக்கும் மூன்றும் பெயரளவுக்குத்தான், மகரந்தம் தராது. கீழே இருப்பவை நீண்டு வளைந்திருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் சும்மா தூவிக் கிடப்பதில்லை. பையின் நுனியில் இருக்கும் பொடித் துளை வழியாகத்தான் வெளியே வரும், உப்புக் குப்பி மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும்.

யார் குலுக்குவது? பெரிய கருவண்டுதான். காலை எட்டு மணி வாக்கில் புதருக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கலாம். பறக்கும்போது ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த சத்தம். பூவைக் கட்டிப்பிடித்ததும் இறக்கை நிற்கும், ஆனால் சத்தம் நிற்காது. சட்டென்று சுருதி ஏறி ‘ஸ்ஸ்ஸீ’ என்று ஒரு கீச்சு. மார்புத் தசையை மட்டும் துடிக்கவைத்துப் பூவையே அதிரவைக்கிறது. மகரந்தம் அதன் வயிற்றில் பொடியாகத் தெறிக்கும். தேனீக்கு இந்த வித்தை வராது. அதனால் பக்கத்தில் காய்ந்த மரக்கட்டை, மூங்கில் ஏதாவது கிடந்தால் எடுத்து எரித்துவிடாதீர்கள். அதில் துளைபோட்டுத்தான் கருவண்டு குடியிருக்கும்.

இலையில் பச்சைப் புழுக்கள் வரும். முதலில் பார்ப்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும். வெளிர் பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியும், புல்தரையில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் முட்டையிட்டுப் போனவை அவை. கொஞ்சம் இலையைத் தின்றுவிட்டுப் போகட்டும். வேப்பெண்ணெய்கூட அடிக்க வேண்டாம். செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும். தையல்சிட்டுக்கும் சாப்பாடு வேண்டுமே.

கவாத்து வருடத்துக்கு ஒரு தடவை போதும். காய் எடுத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் அடியில் குச்சியும் நுனியில் பூவுமாகப் போய்விடும். பட்டையை மட்டும் உரிக்காதீர்கள். இந்தச் செடியின் பட்டைக்கு ஒரு பெரிய வியாபாரமே இருந்தது. ஈரோடு, திண்டுக்கல் பக்கத் தோல் பதனிடும் இடங்களுக்கு ஆவாரம்பட்டை மூட்டை மூட்டையாகப் போன காலம் உண்டு. ‘டானர்ஸ் காசியா’ என்ற ஆங்கிலப் பெயரிலேயே தோல் பதனிடுபவர் (டானர்) இருக்கிறார். பிறகு வாட்டில் மரப்பட்டை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பூவை நிழலில் உலர்த்திப் பொடியாக்கிக் குளிக்கத் தேய்த்துக்கொள்ளலாம். உலர்ந்த பூவில் டீ போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; லேசான துவர்ப்பு, பனங்கற்கண்டு போட்டால் நன்றாகத்தான் இருக்கும். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று பழமொழியே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். தெலங்கானாவில் இதைத் தங்கேடு என்கிறார்கள். அங்கே இதுதான் மாநிலப் பூ, பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கும் பூக்களில் முக்கியமானது. நமக்குப் பண்டிகை மார்கழிக் கடைசி நாள்.

அன்று சாயங்காலம் காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் நிலையில், மாடு கட்டும் கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், மோட்டார் ரூமில், காட்டின் மூலைகளில் செருகுவது கொங்கில் வீட்டுக்கு வீடு நடக்கும். டவுனுக்கு வந்த பிறகு எல்லாமே கட்டாக விலைக்கு வாங்குவதுதான். அதைப் பறித்து வர அந்த ஒரு வாரம் ரோட்டோரப் புதர்கள் மொட்டையாவதையும் பார்க்கிறோம்.

நான் கடைசியாக வைத்த ஆவாரை, சொட்டி போடாத செடி, இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேப்பிலைக்கு எதிர் வீட்டு மரம். போன போகிக்குப் பூளைப்பூ மட்டும் சந்தையில் வாங்கினேன். கட்டி முடித்து மிஞ்சிய காம்புகளை ஆவாரை அடியிலேயே போட்டுவிட்டு மறந்துபோனேன். கார்த்திகை மழைக்குப் பிறகு அங்கே வெள்ளையாகச் சின்னக் கதிரோடு ஏதோ முளைத்திருக்கிறது. களை என்று பிடுங்கப் போன என் மனைவியைத் தடுத்து, “இரு, இரு, அது பூளை” என்றேன்.